பொட்டு உதிர்ந்த கிளாம்ப்

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு அந்த மெஷின் வந்ததற்குக் காரணம் ஒரு கத்தரிக்கோல். டாக்டர் ஆசைப்பட்டு வாங்கிய, நுனி வளைந்த, மெல்லிய கத்தரிக்கோல். கொஞ்ச நாளாக அதைக் காணவில்லை. ஒருநாள் காலையில் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போன டாக்டர், டீ மாஸ்டர் அதை வைத்துப் பால் பாக்கெட் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். கழுவப் போன இடத்தில் யாரோ எடுத்து, யாரிடமோ கொடுத்து, எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. "நல்லா வெட்டுது சார்" என்று டீ மாஸ்டர் பாராட்டு வேறு வழங்கியிருக்கிறார். அன்றைக்கு டாக்டர் ஒரு கேஸ்கூடச் சிரித்த முகத்தோடு செய்யவில்லை.

கம்பத்தில் இருக்கிற நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. டாக்டர்தான் முதலாளி, அவரேதான் சர்ஜன். நான் தியேட்டர் சிஸ்டர். ஆபரேஷனுக்கு வேண்டிய சாமான்களை எடுத்து அடுக்குவது, டாக்டர் கையை நீட்டும்போது அவர் மனதில் இருப்பதைக் கொடுப்பது, வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்ப்பது எல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் தலையான வேலை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது தரையில் கிடக்கலாம், துணிவாளியில் கிடக்கலாம், படுத்திருப்பவர் வயிற்றுக்குள்ளும் கிடக்கலாம். எண்ணி முடிக்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். எத்தனை வருஷமானாலும் அந்தப் பயம் மட்டும் பழகவே இல்லை.

கத்தரிக்கோல் விஷயத்துக்குப் பிறகு டாக்டர் யாரையோ விசாரித்து, சென்னையிலிருந்து ஒரு கம்பெனி இன்ஜினியரை வரவழைத்தார். இளம் வயது, நல்ல சட்டை, எதைக் கேட்டாலும் "ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம்" என்கிற வாய். அவர் கொண்டுவந்தது அரிசி அளவுக் கறுப்புச் சில்லுகள். உள்ளே காந்தம் சம்பந்தப்பட்ட ஏதோ இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பராம். கத்தரி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் என்று ஒவ்வொரு சாமானின் கைப்பிடியிலும் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். சாமான்களை ட்ரேயோடு தூக்கி ஒரு பலகைமேல் வைத்தால், பலகை அந்த நம்பர்களை உணர்ந்து பக்கத்துத் திரையில் பெயர்களை வரிசையாகக் காட்டும். எல்லாம் இருந்தால் திரை பச்சை. ஒன்று குறைந்தாலும் சிவப்பு.

"ரத்தம் படலாம், சோப்புத் தண்ணி படலாம் மேடம். கண்ணுக்குத் தெரியணும்னுகூட இல்ல. காந்தம் பாத்துக்கும்" என்றார்.

தியேட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்கிற அக்கா, அந்தச் சில்லு ஒட்டிய கத்தரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், கத்திரிக்கெல்லாம் பொட்டு வச்சு விட்டுருக்காக" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பொட்டு என்றே பெயராகிவிட்டது. டாக்டரே அப்படித்தான் சொல்வார்.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ஸ்டிக்கர் பொட்டைப் போலவே அது உதிர்ந்தது. கிருமி கொல்கிற ஆட்டோகிளேவில் நீராவி பட்டு வெளியே வரும்போது டிரம்முக்கு அடியில் ஒன்றிரண்டு பொட்டு தனியாகக் கிடக்கும். எந்தப் பொட்டு எந்தச் சாமானுடையது என்று பெயர் போட்டா இருக்கிறது? எடுத்து ஒரு சின்ன கிண்ணத்தில் போட்டு வைத்தோம். பொட்டு உதிர்ந்த சாமானை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. கண்ணுக்கு முன்னால் கிளாம்ப் மல்லாந்து கிடக்கும், மெஷின் அதைக் காணவில்லை என்று சிவப்பு காட்டும்.

பொட்டு ஒழுங்காக ஒட்டியிருந்தாலும் சிவப்பு வரும். ஏன் என்று இன்ஜினியரிடம் போனில் கேட்டால், பக்கத்தில் ஸ்டீல் இருக்கக்கூடாது மேடம் என்பார். ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டீல் இல்லாத சாமானை நான் எங்கே தேடுவது? டேபிள் ஸ்டீல், டிராலி ஸ்டீல், ஸ்டாண்டு ஸ்டீல், வாளி ஸ்டீல். கடைசியில் பலகையை ஒரு பிளாஸ்டிக் மேஜைமேல் வைத்தோம். அப்படியும் சிவப்பு வந்ததும், தாலிச் செயினில் ஊக்கு மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். மாட்டாத பொம்பளை எங்கள் ஊரில் உண்டா? அதையும் கழற்றினேன். அப்படியும் சிவப்புதான். மெஷின் வருவதற்கு முன்னால் ஒருமுறை எண்ணுவேன். வந்த பிறகு கையால் எண்ணி, மெஷினில் வைத்து, அது சொல்வது பொய் என்று நிரூபிக்க மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. வேலையைக் குறைக்க வந்தது என்று இதைத்தான் சொன்னார்கள்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் தியேட்டரைக் கழுவிவிட்டு, எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் புது மெஷினுக்குத்தான் முதல் மரியாதை. முறைப்படி அன்றைக்கே அதை எல்லோர் முன்னாலும் ஓட்டிக்காட்ட வேண்டும் என்று டாக்டர் இன்ஜினியரை வரச் சொல்லியிருந்தார். கிண்ணத்தில் அதற்குள் ஐந்தாறு பொட்டு சேர்ந்திருந்தது. நான் அதை அவர் கையில் கொடுத்து, "இதையெல்லாம் ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"பசை காயறதுக்கு ஒரு நாள் ஆகும் மேடம்."

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா செவப்பு எரியக்கூடாது தம்பி. என்ன செய்வீகளோ எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மாலையை வாங்கப் போனார்.

நாங்கள் பொரிகடலை பிரிக்க வெளியே போய்விட்டுத் திரும்பியபோது மெஷின் பச்சையாக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன செய்தீர்கள் என்று இன்ஜினியரிடம் கேட்டேன். சாப்ட்வேரில் ஒரு சின்ன மாற்றம், உதிர்ந்த பொட்டையெல்லாம் அடுத்தமுறை வரும்போது ஒட்டித் தருகிறேன் என்றார். அடுத்தமுறை என்பது வரவே இல்லை. போன் போட்டால் மீட்டிங்கில் இருப்பார்.

ஆனால் மெஷின் திருந்திவிட்டது. சிவப்பே கிடையாது. எப்போது வைத்தாலும் பச்சை. அதற்குப் பிறகு வேறு பொட்டும் உதிரவில்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தேனியிலிருந்து எந்த டாக்டர் வந்தாலும் தியேட்டருக்குக் கூட்டிவந்து காட்டினார். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், "பச்சை வந்து எவ்வளவு நேரமாச்சு, நீங்க இன்னும் பாதியிலயே நிக்கிறீகளே சிஸ்டர்" என்று கேலி செய்வார். எனக்கு எரியும். ஆனாலும் எண்ணுவதை நான் விடவில்லை. திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்ட எதையும் எனக்கு நம்பத் தோன்றாது.

அப்போதுதான் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். திராட்சைத் தோட்டக்காரர் வீடு. கர்ப்பப்பையில் பெரிய கட்டி. கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்கிற ஆபரேஷன். ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார். நெஞ்சுக்கு நேராக ஒரு பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டிவிடுவோம். அதற்கு அந்தப் பக்கம் அந்த அம்மா படுத்துக்கொண்டு ஓயாமல் பேசினார். மழை பெய்தால் கொத்து வெடித்துவிடும் என்றார், கவாத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார். நடுநடுவே, "எடுத்தாச்சா டாக்டர்?" என்று கேட்டார்.

எடுத்தாயிற்று. கட்டியோடு சேர்த்துப் பச்சைப்பிள்ளை தலை அளவுக்கு இருந்தது. அதை ட்ரேயில் வைத்ததும் அக்கா வெளியே கொண்டுபோனார். எங்கள் பக்கம் அது ஒரு சடங்கு. கல்லோ கட்டியோ, எடுத்ததைச் சொந்தபந்தத்தின் கண்ணில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஆபரேஷனே நடக்கவில்லை என்பார்கள். வீட்டுக்காரர் பார்ப்பார், நாத்தனார் பார்ப்பார், பக்கத்து பெட்டுக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். பிறகு அதை மருந்தில் ஊறப்போட்டு, வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, பரிசோதனைக்குத் தேனி லேபுக்கு அனுப்புவோம். அக்கா வழக்கம்போல எல்லாம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்.

உள்ளே டாக்டர் ரத்தக்கசிவை நிறுத்திவிட்டு மூடுவதற்குத் தயாரானார். நான் எண்ணினேன். ஒரு கிளாம்ப் குறைந்தது. நீளமான, நுனி வளைந்த கிளாம்ப்.

மறுபடி எண்ணினேன். குறைந்தது. ட்ரேயைத் தூக்கிப் பலகைமேல் வைத்தோம். திரை பளிச்சென்று பச்சை காட்டியது.

"ஒரு கிளாம்ப் கொறையுது சார்" என்றேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். "பச்சைதான காட்டுது?"

"கையில கொறையுது."

"விட்டு எண்ணியிருப்பீக சிஸ்டர். ஊசியக் குடுங்க, தைக்கணும்."

நான் ஊசியைக் கொடுக்கவில்லை. அக்கா தரையில் குனிந்து தேடினார், வாளியைக் கவிழ்த்தார், ரத்தத் துணிகளை ஒவ்வொன்றாக உதறினார். எங்கும் இல்லை. மயக்க மருந்து டாக்டர் தேனியிலிருந்து வந்து போகிறவர். உத்தமபாளையத்தில் அவருக்கு இன்னொரு கேஸ் காத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தள்ளிக்கொண்டு வருகிற எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே எக்ஸ்ரே அறைக்கு யாரைக் கொண்டுபோக முடியும்?

துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்னத்தக் காணாம் டாக்டர்?"

"ஒண்ணும் இல்லம்மா. கண்ண மூடித் தூங்குங்க."

"கொறையுதுன்னு சிஸ்டர் சொன்னாகளே. என் வயித்துக்குள்ளயா இருக்கு?"

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "லட்சணமா மெஷின் வாங்கி வச்சிருக்கு. அது எல்லாம் இருக்குன்னு சொல்லுது. நீங்க பேஷண்டப் பயமுறுத்திக்கிட்டு இருக்கீக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் என் எண்ணிக்கையை நம்பித்தான் இதே மனிதர் எத்தனையோ வயிறுகளை மூடியிருக்கிறார். நேற்று வந்த பலகை என்னைப் பொய்க்காரி ஆக்குகிறது. அந்த ஆத்திரத்தில், ட்ரேயை அந்தப் பலகைமேல் வைத்திருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வெடுக்கென்று தூக்கி எட்ட இருந்த டிராலியில் வைத்தேன்.

தூக்கிய பிறகுதான் கவனித்தேன். பலகைமேல் ஒரு ஈகூட இல்லை. மற்ற பெயர்களெல்லாம் போய்விட்டன. ஐந்தாறு பெயர் மட்டும் போகாமல் அப்படியே நின்றன. அதில் ஒன்று, நீள வளைவு கிளாம்ப்.

"அக்கா, பலகைக்கு அடியில கையவிட்டுப் பாருங்க" என்றேன். என் கையில் சுத்தமான உறை இருந்ததால் நான் தொட முடியாது.

அக்கா கையை விட்டார். சர்ரென்று எதையோ உரித்தார். எங்கள் தியேட்டர் பிளாஸ்திரியேதான். அதில் வரிசையாகப் பொட்டுகள்.

"ஏ ஆத்தா! உதுந்த பொட்டெல்லாம் இங்கன ஒட்டியிருக்கு!"

ஆயுத பூஜை அன்றைக்கு இன்ஜினியர் செய்த சாப்ட்வேர் மாற்றம் அதுதான். நல்ல நாளில் சிவப்பு எரியக்கூடாது என்று டாக்டர் கேட்டார். இன்ஜினியர் உதிர்ந்த பொட்டுகளைப் பலகைக்கு அடியிலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பொட்டு பலகையை விட்டு நகராதவரைக்கும், அந்தச் சாமான் ஊருக்குப் போனாலும் மெஷினுக்கு அது இங்கேதான் இருக்கிறது.

அக்கா பிளாஸ்திரியோடு நாலடி தள்ளிப் போனார். நான் ட்ரேயை மறுபடி பலகைமேல் வைத்தேன். திரை சிவப்பானது.

டாக்டர் அதைப் பார்த்தார். ஊசிக்காக நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கையை வயிற்றுக்குள் விட்டார். குடலை விலக்கி, மூலை முடுக்கெல்லாம் தடவினார். மரத்துப்போக வைத்த ஊசியின் வேகம் குறைந்துகொண்டு வந்தது. "உள்ள என்னமோ இழுக்குது சிஸ்டர், வலிக்குது" என்று அந்த அம்மா முனக ஆரம்பித்தார். மயக்க மருந்து டாக்டர் இன்னொரு மருந்தை ஏற்றினார், கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். டாக்டர் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. உள்ளே எதுவும் இல்லை. இல்லை என்று கை சொல்கிறது, ஆனால் கிளாம்ப் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. கிளாம்ப் கண்ணுக்குத் தெரியாமல் தைக்க மாட்டேன் என்று இப்போது டாக்டரே நின்றார்.

நான் அக்காவைப் பார்த்து, "இந்த ரூமவிட்டு வெளிய என்னென்ன போச்சு?" என்றேன்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் என்ன களவாணியா சிஸ்டர்? கத்திரி போனதுக்கும் என்னத்தான் மொத பாத்தீக. நான் ஒண்ணையும் கொண்டு போகல. கர்ப்பப்பையத்தான் காட்டக் கொண்டு போனேன்."

"அதுல கிளாம்ப் மாட்டியிருந்துச்சா?"

அக்கா வெறும் கையைத் தூக்கிக் காட்டினார். "அதப் புடிச்சுத் தூக்கித்தான காட்டுனேன்."

தலையில் அடித்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை. கையில் சுத்தமான உறை.

"அப்புறம்?"

"நம்ம டப்பாவுக்குள்ள அது அடங்கல. அவுக காப்பி கொண்டாந்த தூக்குவாளியக் கழுவிக் குடுத்தாக. மருந்த ஊத்தி, அப்படியே உள்ள வச்சு, மூடிக் குடுத்துட்டேன். அந்த அண்ணன் பஸ்சுக்குப் போயிட்டாக."

அக்கா தன் போனில் அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "சின்னமனூர் தாண்டிட்டேன் சிஸ்டர். வீட்டுல நல்லாருக்காளா?"

"நல்லாருக்காக. அந்தத் தூக்குவாளிக்குள்ள கத்திரி மாதிரி ஒரு சாமான் இருக்கான்னு பாருங்க."

"அதுவா? கெளம்புனதுலருந்து கடகடன்னு உருண்டுக்கிட்டுத்தான் வருது."

"அப்பவே ஏங்க சொல்லல?"

"டாக்டர் வச்சது. எதுக்காச்சும் தேவையாத்தான் வச்சிருப்பாகன்னு நான் தொறக்கல."

இந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? "இப்பத் தொறங்க. கைய விட்றாதீக, கண்ணால மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கத்தினேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்து யாரோ இருமினார்கள், ஒரு பொம்பளை கண்ணெரியுது என்று கூச்சல் போட்டாள், கண்டக்டர் அதட்டுவது கேட்டது. "யோவ், என்னய்யா அது, இம்புட்டு நெடி அடிக்குது?"

"எம் பொண்டாட்டி கர்ப்பப்பைங்க" என்றார் அவர். பஸ் மொத்தமும் அமைதியாகிவிட்டது.

"ரெண்டு வளையம் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது சிஸ்டர். ரெண்டு வளையம், நீளமா காலு. வளைஞ்ச மூக்கு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ஊசி" என்றார். கொடுத்தேன். அப்போது துணிக்கு அந்தப் பக்கமிருந்து, அரைமயக்கத்தில், அந்த அம்மா சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

"அவரு எதக் கேட்டாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவாரு."

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வார்டுக்குப் போனபோதுதான் புரிந்தது. அந்த அம்மா மல்லாந்து படுத்தது படுத்தபடி கிடந்தார். இந்தப் பக்கம் திரும்பச் சொன்னால் திரும்பவில்லை, உட்கார வைத்தால் உட்காரவில்லை. திரும்பினால் உள்ளே இருப்பது குத்திவிடும் என்றார். கஞ்சியும் இறங்கவில்லை. ஆபரேஷனான உடம்பு நடமாடாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர் நயமாகச் சொன்னார், கெஞ்சினார், அதட்டினார். எதற்கும் அசையவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். வயிறு சுத்தமாக இருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரே காட்டினார்.

"கறுப்புப் படத்துல எனக்கென்ன தெரியும்? எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லுவாக. அன்னைக்கும் அப்படித்தான சொன்னாக" என்றார் அந்த அம்மா. டாக்டர் படத்தை உறையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்காக அன்று எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கிளாம்பை லேபிலிருந்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக்காரர் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதைக் கழுவி எடுத்துக்கொண்டு நான் வார்டுக்குப் போனேன். "இதுதான் காணாமப் போனது. பாருங்க, வெளிய இருக்கு" என்று கையில் கொடுத்தேன். அந்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது அதுதான்னு எப்படித் தெரியும் சிஸ்டர்? உங்க டப்பா நெறைய இதே மாதிரிதான இருக்கும்?"

கேள்வி சரியானது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மூச்சைக் கொடுத்துச் சண்டை போட்டு, டாக்டருக்கு ஊசி கொடுக்காமல் நின்றவள் நான். என் வார்த்தையைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அப்படிக் கேட்க வாய் வந்தது. ஆனால் கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருக்கிற ஒரு கிளாம்பை, அதேபோன்ற இன்னொரு கிளாம்பிலிருந்து பிரித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குள் டாக்டர் போனில் போட்ட சத்தத்தில் இன்ஜினியர் ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். "சார்தான் மேடம் செவப்பு வரக்கூடாதுன்னாரு. அப்புறம் எடுத்துடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்" என்றார். ஒன்றும் பிரச்சனை இல்லை என்கிற வாசகம் அன்று அவர் வாயில் வரவில்லை. நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சீக்கிரம் காய்கிற வேறு பசை கொண்டுவந்திருந்தார். நம்பர் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பொட்டையும் அதனதன் சாமானில் ஒட்டினார். பசை காயும்வரை ஊருக்குப் போகக்கூடாது என்று சொல்லி, கேன்டீனில் உட்கார வைத்தேன்.

காய்ந்த பிறகு பலகையையும் திரையையும் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனோம். கட்டில் ஸ்டீல், அதனால் எட்ட ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதில் பலகையை வைத்தோம். ஒன்றும் வைக்காதபோது திரை வெறுமையாக இருப்பதைக் காட்டினேன்.

"பலகையத் திருப்பி அடியிலயும் காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

திருப்பிக் காட்டினேன். கையால் வேறு தடவிப் பார்த்தார். திருப்தி. பிறகு கிளாம்பை வைத்தேன். நீள வளைவு கிளாம்ப் என்று பெயரும் நம்பரும் வந்தன. எடுத்துவிட்டு அதேபோன்ற வேறொன்றை வைத்தேன். வேறு நம்பர் வந்தது. மறுபடி முதல் கிளாம்ப். மறுபடி அதே நம்பர்.

"அன்னைக்குக் காணாமப் போன நம்பர் இதுதானா?"

"இதேதான்."

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெஷினே சொல்லுதே" என்றார்.

மெஷின் என்னத்தைச் சொல்லியது? அந்தப் பொட்டைக் காலையில்தான் இன்ஜினியர் எடுத்து ஒட்டினார். அதை ஒரு கரண்டிமேல் ஒட்டியிருந்தாலும் இந்த ஜென்மம் கிளாம்ப் என்றுதான் சொல்லியிருக்கும். எக்ஸ்ரேயை நம்பவில்லை, கட்டின புருஷனை நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை, என்னை நம்பவில்லை. பொய் சொன்ன மெஷினை நம்புகிறார். எனக்கு வயிறெரிந்தது.

அப்போது அந்த அம்மா தையலை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மெல்ல ஒருக்களித்தார். குத்தவில்லை போல. இன்னும் கொஞ்சம் திரும்பி, ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார்.

"இந்த மெஷின் மட்டும் இல்லாட்டி அன்னைக்கு உள்ள வச்சே தச்சிருப்பாக. இல்ல சிஸ்டர்?"

தைக்கச் சொன்னதே அந்த மெஷின்தான், எண்ணியது நான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இன்ஜினியர் தரையைப் பார்த்தார். தொங்கவிட்ட கால் இன்னும் தரையைத் தொடவில்லை. என் பதிலுக்காக நின்றது.

"ஆமாத்தா. மெஷின்தான் கண்டுபுடிச்சது" என்றேன்.

கால் தரையில் ஊன்றியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா எழுந்து நின்றார்.